ஒடுங்கிச் செல்லும் கோலின் நீட்சியைக் கணக்கிடும் முறை

ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் உள்ள உருக்குக் கோலை இருபுறமும் இழுத்தால் அது எவ்வளவு நீளும்? யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவரும், கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் முதலாண்டு மாணவரும், லேத் இயந்திரத்தில் கோல் கடைந்து கொடுக்கும் பட்டறைக்காரரும் இந்தக் கேள்வியை என்றாவது ஒருநாள் சந்திக்கிறார்கள். மூவரும் பெரும்பாலும் ஒரே குறுக்குவழியையே நாடுகிறார்கள். இரு முனைகளின் விட்டங்களையும் கூட்டி இரண்டால் பிரித்து, அந்தச் சராசரி விட்டமுள்ள சீரான கோலாக அதைப் பாவித்துக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். கிடைக்கும் விடை பார்வைக்கு நியாயமாகவே இருக்கும்; ஆனால் கோல் உண்மையில் நீளும் அளவைவிட அது எப்போதும் குறைவானது. எவ்வளவு குறைவு, ஏன் குறைவு, சரியான விடையைப் பெறுவது எப்படி என்பவற்றை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். தொகையிடல் தெரியாதவர்களும் பின்பற்றக்கூடிய வழி ஒன்றும் இடையில் வருகிறது.

முதலில் சீரான கோலை நினைவுபடுத்திக்கொள்வோம். மீள்தன்மையுள்ள பொருளின் நீட்சி அதன் மீதுள்ள சுமைக்கு விகிதசமமானது என்பதை றொபேட் ஊக் 1678இல் வெளியிட்டார். அந்த விதியையும் யங்கின் மட்டையும் சேர்த்தால் பின்வரும் கோவை கிடைக்கிறது:

நீட்சி = (சுமை × நீளம்) ÷ (பரப்பு × மட்டு)

இங்கே பரப்பு என்பது குறுக்குவெட்டுப் பரப்பு. மட்டு என்பது யங்கின் மட்டு, அதாவது பொருள் நீள்வதை எவ்வளவு விறைப்பாக எதிர்க்கிறது என்பதன் அளவு. உருக்குக்கு இம்மட்டு ஏறத்தாழ 200,000 நியூற்றன்/சதுர மி.மீ., அலுமினியத்துக்கு ஏறத்தாழ 70,000. நீளத்தை மில்லிமீற்றரிலும் சுமையை நியூற்றனிலும் வைத்துக்கொண்டால் விடை நேரே மில்லிமீற்றரில் வரும். பரீட்சைத் தாள்களில் புள்ளி போவது பெரும்பாலும் இந்த அலகு மாற்றத்தில்தான். ஆகவே கணக்கைத் தொடங்கும்போதே எல்லாவற்றையும் நியூற்றனுக்கும் மில்லிமீற்றருக்கும் மாற்றிவிடுவது நல்லது.

கோவையில் பரப்பு கீழே, அதாவது பகுதியில், இருப்பதைக் கவனியுங்கள். முழு விடயமும் அங்கேதான் தங்கியுள்ளது. கோல் ஒடுங்கிச் செல்லும்போது ஒவ்வோர் இடத்திலும் பரப்பு வேறுபடுகிறது. ஒவ்வொரு சிறு துண்டும் தன் பரப்பின் தலைகீழுக்கு விகிதசமமாக நீள்கிறது. முழு நீட்சி என்பது அந்தச் சிறு நீட்சிகளின் கூட்டுத்தொகை. ஆகவே கூட்ட வேண்டியதும் சராசரி எடுக்க வேண்டியதும் பரப்பின் தலைகீழையே அன்றிப் பரப்பையோ விட்டத்தையோ அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் சைக்கிளில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போய், எதிர்காற்றில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பியவரின் சராசரி வேகம் 15 அல்ல, 13.3தான், மெதுவாக வந்த வழி அதிக நேரத்தை விழுங்கிவிடுகிறது. கோலிலும் மெலிந்த பகுதி நீட்சியின் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது.

அளவெடுத்தல்

கணக்குக்கு முன் கோலை ஒழுங்காக அளக்க வேண்டும். வேணியர் இடுக்கிமானியால் இரு முனைகளின் விட்டங்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். கடைந்த கோல் முழு வட்டமாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். துருவோ பெயின்றோ இருந்தால் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும், ஏனெனில் அவை தடிப்பைக் கூட்டிக் காட்டுமேயன்றிச் சுமையைத் தாங்குவதில்லை. பின்னர் கோலின் நடுவிலும் ஓர் அளவு எடுங்கள். நடு விட்டம் இரு முனை விட்டங்களின் சராசரிக்குச் சமமாக இருந்தால் ஒடுக்கம் நேர்கோட்டில் போகிறது என்று கொள்ளலாம். இல்லையென்றால், கீழே வரும் துண்டுமுறைக்குப் போக வேண்டியதுதான்.

தொழிலுக்கு வரும் கோல்களில் முழு நீளமும் ஒடுங்குவது அரிது. ஒரு முனையில் புரி வெட்டுவதற்கோ மறுமுனையில் ஊசி (துளைவழியே செருகும் இணைப்பு ஆணி) கொடுப்பதற்கோ சீரான பகுதிகள் விடப்பட்டிருக்கும். அவற்றைத் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புரி வெட்டிய பகுதியில் புரியின் உச்சி விட்டத்தை எடுக்கக் கூடாது. அடி விட்டத்தை எடுப்பதே பாதுகாப்பானது.

வட்டக் கோலுக்கான கோவை

மெலிந்த முனையிலிருந்து அளக்கும் தூரத்தைத் தூ என்று கொள்வோம். ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதைச் சாய்வு என்போம். அது (பெரு விட்டம் − சிறு விட்டம்) ÷ நீளம். ஆகவே தூ என்ற இடத்தில் விட்டம் = சிறு விட்டம் + சாய்வு × தூ. அவ்விடத்தில் வெட்டியெடுத்த மிகமெல்லிய வில்லையின் பரப்பு பை × விட்டத்தின் வர்க்கம் ÷ 4. அந்த வில்லை, தான் சீரான கோல் என்பதுபோலவே நீளும். எனவே அதன் நீட்சி சுமை × வில்லையின் தடிப்பு ÷ (பரப்பு × மட்டு).

எல்லா வில்லைகளையும் கூட்டுவது என்பது விட்டத்தின் வர்க்கத்தின் தலைகீழைத் தூ பூச்சியத்திலிருந்து முழு நீளம் வரை தொகையிடுவதாகும். அத்தொகையீடு (1 ÷ சாய்வு) × (1 ÷ சிறு விட்டம் − 1 ÷ பெரு விட்டம்) என வருகிறது. அடைப்புக்குள் உள்ளதைச் சுருக்கினால் மேலே இரு விட்டங்களின் வித்தியாசமும் கீழே அவற்றின் பெருக்கமும் கிடைக்கும். சாய்விலும் அதே வித்தியாசம் இருப்பதால் இரண்டும் வெட்டுப்பட்டுப் போக, எஞ்சுவது நீளம் ÷ (பெரு விட்டம் × சிறு விட்டம்) மட்டுமே. ஆகவே,

நீட்சி = (4 × சுமை × நீளம்) ÷ (பை × மட்டு × பெரு விட்டம் × சிறு விட்டம்)

இவ்வளவு நீண்ட வழியில் இவ்வளவு எளிய கோவை வந்து சேர்வது இயந்திரவியலில் அடிக்கடி கிடைக்கும் சந்தோசமல்ல. சீரான கோலின் கோவையில் விட்டத்தின் வர்க்கம் இருந்த இடத்தில் இப்போது இரு விட்டங்களின் பெருக்கம் இருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. இரு விட்டங்களும் சமமானால் இது தானாகவே பழைய கோவையாகிவிடும். ஒடுங்கும் கோலுக்குப் பதிலாகச் சீரான கோலொன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமானால், அதன் விட்டம் இரு விட்டங்களின் பெருக்கத்தின் வர்க்கமூலமாக இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

அளவெடுப்பவருக்கும் இதில் ஓர் ஆறுதல் உண்டு. சீரான கோலில் விட்டத்தை 1 சதவீதம் பிழையாக அளந்தால் நீட்சியில் ஏறத்தாழ 2 சதவீதப் பிழை வரும்; இங்கே ஒரு முனையில் செய்த 1 சதவீதப் பிழை 1 சதவீதமாகவே நின்றுவிடும்.

எண்களை இட்டுப் பார்த்தல்

பெரு விட்டம் 40 மி.மீ., சிறு விட்டம் 20 மி.மீ., நீளம் 1.2 மீற்றர் கொண்ட உருக்குக் கோலை 60 கிலோநியூற்றன் இழுவிசைக்கு உட்படுத்துகிறோம் என்க. மேலே வருவது 4 × 60,000 × 1,200 = 288,000,000. கீழே வருவது பை × 200,000 × 40 × 20, அதாவது ஏறத்தாழ 502,655,000. பிரித்தால் நீட்சி 0.573 மி.மீ.

இதே கோலைச் சராசரி விட்டமான 30 மி.மீ. கொண்டு கணித்தால் 0.509 மி.மீ. வரும், 11 சதவீதம் குறைவு. இரு முனைகளின் பரப்புகளைச் சராசரி எடுத்துக் கணித்தால் 0.458 மி.மீ.; 20 சதவீதம் குறைவு. விட்டத்தைவிடப் பரப்பைச் சராசரி எடுப்பது கூடுதல் துல்லியமானது என்று எண்ணி இரண்டாவது வழிக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் பிழையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள், ஏனெனில் வர்க்கம் எடுத்தபின் பருத்த முனையின் குரல் இன்னும் ஓங்கிவிடுகிறது.

சராசரி விட்ட முறையின் பிழையை முன்கூட்டியே அறிய எளிய வழி உண்டு. இரு விட்டங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் பிரித்து வர்க்கம் எடுத்தால் அதுவே பிழையின் பின்னம். 40உம் 36உம் என்றால் பிழை 0.3 சதவீதத்துக்கும் குறைவு. அந்த நிலையில் சராசரி விட்டத்தையே பயன்படுத்திவிட்டுப் போகலாம், யாரும் குறை சொல்ல முடியாது. 40உம் 30உம் என்றால் 2 சதவீதம். 40உம் 10உம் என்றால் 36 சதவீதம். அங்கே சராசரி எடுப்பது கணக்கே அல்ல.

இந்த நீட்சி கோலில் எங்கே நிகழ்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். கோலை நடுவில் இரண்டாகப் பிரித்து, 40 முதல் 30 வரையுள்ள பாதியையும் 30 முதல் 20 வரையுள்ள பாதியையும் தனித்தனியே அதே கோவையில் இட்டால், பருத்த பாதி 0.191 மி.மீ. நீள்கிறது, மெலிந்த பாதி 0.382 மி.மீ. நீள்கிறது. நீளத்தில் சமமான இரு பாதிகளில் மெலிந்தது மற்றதைப்போல் சரியாக இரண்டு மடங்கு நீளுகிறது. இவ்விரண்டின் கூட்டுத்தொகை முன்னைய விடையோடு பொருந்துவதால் கணக்கைச் சரிபார்க்கும் வழியாகவும் இது பயன்படும்.

வகுப்பறையில் இதைக் கண்ணால் காட்ட விரும்பும் ஆசிரியர் பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி விரித்து, அதில் 30 சென்ரிமீற்றர் நீளமும் ஒருபுறம் 4, மறுபுறம் 2 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பட்டையொன்றை வெட்டியெடுக்கலாம். 2 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகளைப் பேனையால் கீறி, அகன்ற முனையை மேலே பலகைக்கு இடையில் முழு அகலத்துக்கும் நெரித்துப் பிடித்து, கீழ்முனையில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டு, கோடுகளுக்கு இடையிலான தூரங்களை அடிமட்டத்தால் மீண்டும் அளக்கச் சொல்ல வேண்டும். கீழே போகப் போக இடைவெளி விரிவதை மாணவர் தாமே அட்டவணைப்படுத்துவர். றப்பர் ஊக்கின் விதிக்கு முழுவதும் கட்டுப்படாத பொருள் என்பதால் இந்த அளவுகளைக் கோவையோடு ஒப்பிட வேண்டாம். நீட்சியின் பங்கீட்டைக் காட்டுவது மட்டுமே இதன் வேலை.

சீரான முனைகளைச் சேர்த்தல்

மேலே சொன்ன கோலின் பருத்த பக்கத்தில் 40 மி.மீ. விட்டமும் 300 மி.மீ. நீளமும் கொண்ட சீரான பகுதியும், மெலிந்த பக்கத்தில் 20 மி.மீ. விட்டமும் 200 மி.மீ. நீளமும் கொண்ட சீரான பகுதியும் இருந்தால், மூன்று பகுதிகளிலும் ஓடும் இழுவிசை ஒன்றே என்பதால் நீட்சிகளைத் தனித்தனியே கணித்துக் கூட்டினால் போதும். பருத்த பகுதி 0.072, ஒடுங்கும் பகுதி 0.573, மெலிந்த பகுதி 0.191, மொத்தம் 0.836 மி.மீ. இருநூறு மில்லிமீற்றர் நீளமே உள்ள சிறு வால்பகுதி மொத்த நீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைத் தருகிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, ஒடுங்கும் பகுதிக்கு மட்டும் மூன்று தசம தானத் துல்லியம் தேடுவதில் பொருளில்லை. இடையில் எங்காவது வேறொரு சுமை கோலில் ஏறினால், அந்த இடத்தின் இரு பக்கங்களிலும் இழுவிசை வேறுபடும். அங்கே கோலைப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய விசையை இட வேண்டும்.

தட்டைப் பட்டை

தடிப்பு மாறாமல் அகலம் மட்டும் ஒடுங்கும் பட்டைக்குக் கோவை வேறு. இங்கே பரப்பு அகலத்தோடு நேராக மாறுகிறது. அகலத்தின் தலைகீழைத் தொகையிட்டால் இயற்கை மடக்கை வந்துவிடுகிறது:

நீட்சி = (சுமை × நீளம்) ÷ (மட்டு × தடிப்பு × அகல வித்தியாசம்) × இயற்கை மடக்கை (பேரகலம் ÷ சிற்றகலம்)

10 மி.மீ. தடிப்பும் 500 மி.மீ. நீளமும் 80இலிருந்து 40 மி.மீ. வரை ஒடுங்கும் அகலமும் கொண்ட உருக்குப் பட்டையில் 60 கிலோநியூற்றன் ஏறினால், மடக்கைக்கு முன்னுள்ள பகுதி 0.375, 2இன் இயற்கை மடக்கை 0.693, நீட்சி 0.26 மி.மீ. சராசரி அகலமான 60 மி.மீ. கொண்டு கணித்தால் 0.25 வரும். வட்டக் கோலில் 11 சதவீதமாக இருந்த பிழை இங்கே 4 சதவீதத்துக்குள் அடங்குகிறது, ஏனெனில் இங்கே மாறுவது ஒரே ஓர் அளவு. கணிப்பானில் பத்தை அடியாகக் கொண்ட மடக்கைப் பொத்தானை அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் விடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இரு அகலங்களும் சமமாகும்போது இக்கோவை பூச்சியத்தைப் பூச்சியத்தால் பிரிக்கச் சொல்லும் என்பதால், அந்நிலையில் சீரான பட்டையின் கோவைக்கே திரும்ப வேண்டும்.

சுவர்த் தடிப்பு மாறாமல் விட்டம் ஒடுங்கும் மெல்லிய குழாயும் இந்த இனத்தையே சேரும். தடிப்பு இருந்த இடத்தில் பை × சுவர்த் தடிப்பையும், அகலங்களின் இடத்தில் விட்டங்களையும் இட்டால் போதும். ஏ9 வீதியால் போகும்போது பளையில் தெரியும் காற்றாலைகளின் ஒடுங்கும் உருக்குக் கோபுரங்கள் இவ்வடிவின் பெரிய உதாரணங்கள். அவற்றில் தகைப்பின் (ஓர் அலகுப் பரப்பில் ஏறும் விசையின்) பெரும்பகுதி காற்றால் வரும் வளைவாலும் சொந்த எடையின் அமுக்கத்தாலும் வருவது. அதற்கு இந்தக் கோவை மட்டும் போதாது.

ஒழுங்கற்ற ஒடுக்கம்

நடு விட்டம் சராசரியோடு பொருந்தாத கோலுக்கு, அல்லது தொகையிடல் வேண்டாம் என்பவருக்கு, துண்டுமுறை இருக்கிறது. கோலைச் சமநீளத் துண்டுகளாக மனத்தால் பிரித்து, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் விட்டத்தை அளந்து, ஒவ்வொன்றையும் சீரான கோலாகக் கணித்துக் கூட்ட வேண்டும். நமது கோலை நான்கு துண்டாக்கினால் நடு விட்டங்கள் 37.5, 32.5, 27.5, 22.5, மொத்த நீட்சி 0.568 மி.மீ. சரியான விடைக்கு 1 சதவீதத்துக்குள் வந்துவிட்டோம்.

மூன்றே மூன்று அளவுகளோடு முடிக்க வேண்டுமானால் சிம்சனின் விதி உதவும்: பருத்த முனையின் பரப்பின் தலைகீழ், நடுப்பரப்பின் தலைகீழின் நான்கு மடங்கு, மெலிந்த முனையின் பரப்பின் தலைகீழ் ஆகிய மூன்றையும் கூட்டி ஆறால் பிரித்து, அதைச் சுமையாலும் நீளத்தாலும் பெருக்கி மட்டால் பிரிக்க வேண்டும். நமது கோலுக்கு இது 0.578 மி.மீ. தருகிறது, 1 சதவீதத்துக்குள் கூடுதல். பட்டறையில் நின்றபடி கைத்தொலைபேசிக் கணிப்பானில் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நடு விட்டத்தை உண்மையில் அளந்து இடுவதால் ஒடுக்கம் சற்று வளைந்திருந்தாலும் இது ஏமாற்றாது.

எந்த முறையானாலும் பொருள் முழுவதும் ஒரே தன்மையானது என்ற எடுகோள் உள்ளே இருக்கிறது. பனைமரமும் அடியிலிருந்து நுனிக்கு ஒடுங்குகிறதே என்று அதன் விட்டங்களை இக்கோவையில் இடக்கூடாது. பனையில் வெளிப்புறம் வைரம் பாய்ந்து இறுகியும் உள்ளே சோறு மென்மையாகவும் இருப்பதால் ஒரே வெட்டுமுகத்திலேயே மட்டு இடத்துக்கிடம் வேறுபடுகிறது. கிணற்றுத் துலாவும் இங்கே பொருந்தாது: துலாவின் மரம் வளைக்கப்படுகிறது, இழுக்கப்படுவது துலாக்கொடிதான்.

கோவை செல்லுமா என்று பார்த்தல்

நீட்சி கிடைத்தபின், அந்த விடைக்கு உரிமை இருக்கிறதா என்பதை மூன்று இடங்களில் சரிபார்க்க வேண்டும்.

மிக முக்கியமானது மெலிந்த முனையின் தகைப்பு, அதாவது விசையைப் பரப்பால் பிரித்தால் வருவது. கோலின் எல்லா வெட்டுமுகங்களிலும் விசை ஒன்றாக இருந்தாலும் தகைப்பு மெலிந்த முனையில்தான் உச்சம் அடைகிறது. நமது கோலில் அது 60,000 ÷ 314.16 = 191 நியூற்றன்/சதுர மி.மீ.; பருத்த முனையில் அது 48 மட்டுமே. மெல்லுருக்கின் இளகு தகைப்பு (நிரந்தர நீட்சி தொடங்கும் தகைப்பு) ஏறத்தாழ 250 என்பதால் விகிதசம நிலை குலையவில்லை, எனவே 0.573 என்ற விடை செல்லும். ஆனால் இதே கோலைப் பாரம் தூக்க யாராவது கேட்டால் நான் கொடுக்கமாட்டேன், 1.3 என்ற பாதுகாப்புக் காரணி (250 ÷ 191) பாடக் கணக்குக்குப் போதும், ஆட்கள் கீழே நிற்கும் வேலைக்குப் போதாது. தகைப்பு இளகு தகைப்பைக் கடந்தால் மெலிந்த முனை தனியாக நிரந்தரமாக நீண்டுவிடும்; பருத்த பகுதியில் ஒன்றுமே தெரியாது. அந்நிலையில் இக்கோவைகள் எவையும் செல்லா.

அடுத்தது ஒடுக்கத்தின் கூர்மை. வெட்டுமுகம் முழுவதும் தகைப்பு ஒரேயளவு என்று கொண்டுதான் எல்லாவற்றையும் கணித்தோம். பக்கங்களுக்கு இடையிலான கோணம் சிறிதாக இருக்கும்வரை அது நியாயமே. கோணம் 20 பாகையானாலும்கூட விசையைப் பரப்பால் பிரித்துப் பெறும் தகைப்பு உண்மையான உச்சத் தகைப்பைவிட ஏறத்தாழ 3 சதவீதமே குறைவாக இருக்கும். நமது கோலில் முழுக்கோணம் 1 பாகையளவே. விட்டம் திடீரெனப் படியாக மாறும் இடங்களில் கதை வேறு; அங்கே தகைப்பு குவிவதால் மூலையை வளைத்துக் கடைந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, சுமை கோலின் அச்சின் வழியே போகிறதா என்பதைப் பாருங்கள். ஊசித்துளை ஒருபுறம் விலகியிருந்தால் இழுவையோடு வளைவும் சேர்ந்துவிடும்.

சொந்த எடையைச் சேர்க்க வேண்டுமா என்று மாணவர் கேட்பதுண்டு. 1.2 மீற்றர் உருக்குக் கோல் தன் எடையால் நீள்வது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விட்டுவிடலாம்.

நீட்சியிலிருந்து விட்டத்துக்குத் திரும்புதல்

தொழிலில் கேள்வி பெரும்பாலும் தலைகீழாகவே வரும்: கோல் 0.5 மில்லிமீற்றருக்கு மேல் நீளக்கூடாது, விட்டம் என்ன வைக்கலாம்? கோவையைத் திருப்பினால் இரு விட்டங்களின் பெருக்கம் குறைந்தது 917 சதுர மி.மீ. இருக்க வேண்டும் என்று தெரியும். இதை நிறைவேற்ற மெலிந்த முனையை 20இலிருந்து 23 ஆக்கி 40 × 23 என்று போகலாம். அல்லது பருத்த முனையை 46 ஆக்கி 46 × 20 என்று போகலாம். இரண்டின் பெருக்கமும் 920 என்பதால் இரண்டும் 0.498 மி.மீ. நீளும். ஆனால் உலோகச் செலவு ஒன்றல்ல. ஒடுங்கும் கோலின் கனவளவு, இரு விட்டங்களின் வர்க்கங்களையும் அவற்றின் பெருக்கத்தையும் கூட்டிய தொகைக்கு விகிதசமமானது. பழைய கோலுக்கு அத்தொகை 2,800, முதல் மாற்றத்துக்கு 3,049, இரண்டாவதற்கு 3,436. மெலிந்த முனையில் சேர்த்த உலோகம் 9 சதவீதக் கூடுதலில் செய்ததைப் பருத்த முனையில் செய்ய 23 சதவீதம் வேண்டியிருக்கிறது. அதோடு மெலிந்த முனையைப் பருப்பித்தால் உச்சத் தகைப்பும் 191இலிருந்து 144க்கு இறங்கும். பருத்த முனையில் சேர்த்தால் 191 அப்படியே நிற்கும்.

இன்னும் ஒரு படி போனால் சங்கடமான உண்மை ஒன்று வெளிப்படும். அதே 920 பெருக்கத்தை 30.3 மி.மீ. விட்டமுள்ள சீரான கோலாலும் பெறலாம். அதற்கான தொகை 2,760 மட்டுமே. வெறும் இழுவைக்கு, ஒரே நீட்சியைக் கொடுக்கும் கோல்களில் சீரான கோல்தான் மிகக் குறைந்த உலோகத்தில் செய்யக்கூடியது, அதன் உச்சத் தகைப்பும் குறைவு. ஆகவே ஒருவர் ஒடுங்கும் கோல் வேண்டுமென்று வரைபடத்தோடு வந்தால் ஏன் என்று கேட்பது முறையாகும். ஒரு முனையில் சிறிய துளைக்குள் பொருத்த வேண்டும், ஆப்புப்போல் இறுகி அமர வேண்டும், பாய்மரம்போல் வளைவையும் தாங்க வேண்டும் என்பன போன்ற காரணங்கள் இருந்தால் சரி. உலோகம் மிச்சமாகும் என்பது காரணமாக இருந்தால் லேத்தில் ஏற்றுவதற்கு முன் இந்த எண்களை அவருக்குக் காட்டலாம்.

வெப்பமும் துருவும்

இரு முனைகளும் அசையாமல் பூட்டப்பட்ட கோல் குளிரும்போது சுருங்க முடியாததால் அதில் இழுவை பிறக்கிறது. உருக்கு ஒரு பாகை செல்சியசுக்கு நீளத்தில் இலட்சத்தில் 1.2 பங்கு சுருங்கும். சித்திரை மாதத்து நண்பகல் வெயிலில் சூடேறிய கோலை இறுக்கிப் பூட்டினால், விடியற்காலையில் அது 25 பாகை குளிர்ந்திருக்கும் என்க. சீரான கோலில் பிறக்கும் தகைப்பு 60 நியூற்றன்/சதுர மி.மீ. ஒடுங்கும் கோலில் மெலிந்த முனையின் தகைப்பைப் பெற இதைப் பெரு விட்டத்துக்கும் சிறு விட்டத்துக்கும் உள்ள விகிதத்தால் பெருக்க வேண்டும். நமது கோலில் அது 120. சுமை எதுவும் ஏற்றாமலே இளகு தகைப்பின் பாதி போய்விட்டது. இவ்வாறு பூட்டும் கோலுக்கு, மெலிந்த முனையில் அனுமதிக்கும் தகைப்பிலிருந்து இந்த 120ஐக் கழித்துவிட்டே மற்றச் சுமையைத் தீர்மானிக்க வேண்டும்.

குருநகர், மயிலிட்டி, காங்கேசன்துறை போன்ற கரையோர இடங்களில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். துரு இரு முனைகளிலும் ஒரேயளவாகத் தின்றாலும் பாதிப்பு ஒன்றல்ல. இரு விட்டங்களிலும் 1 மில்லிமீற்றர் குறைந்து 39உம் 19உம் ஆனால் பெருக்கம் 800இலிருந்து 741க்கு இறங்கி, நீட்சி 0.573இலிருந்து 0.619 மி.மீ. ஆகிறது, அதாவது 8 சதவீதம் கூடுகிறது. மெலிந்த முனையின் தகைப்போ 11 சதவீதம் ஏறி 212ஐத் தொடுகிறது. ஆகவே பழைய கோலைப் பரிசோதிக்கும்போது கம்பித் தூரிகையால் முதலில் தேய்க்க வேண்டியது மெலிந்த முனையை. அங்கே அளந்த விட்டத்தைக் கொண்டு தகைப்பைக் கணித்து, அது அனுமதித்த அளவைத் தாண்டினால் மற்ற முனையை அளக்காமலே கோலைக் கழற்றிவிடலாம்.